மன்னியின் தொண்டையும் பிரேசில் பாட்டும்

வலியசாலையில் எங்கள் தெருவில் நவராத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. கொலு பார்க்க வந்தவளை, "ஒரு பாட்டு பாடுங்கோ" என்று வீட்டுக்காரி கேட்க வேண்டும். கேட்கப்பட்டவள் உடனே பாடிவிடக் கூடாது. "ஐயோ, தொண்டை சரியில்லை மாமி" என்று சொல்ல வேண்டும். "சாரமில்லை, ரெண்டு வரி போறும்" என்று, பரவாயில்லை என்பதை எங்கள் ஊர் மலையாளத்தில் சொல்லி, அவள் வற்புறுத்த வேண்டும். இன்னொரு தடவை தொண்டையைக் குறை சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் பாட வேண்டும். குங்குமம், வெற்றிலை, சுண்டல் எல்லாம் அதற்கப்புறம். நிஜமாகவே தொண்டை சரியில்லாதவர்கள் சிலரும் தெருவில் உண்டு. அவர்கள் மட்டும் இதையெல்லாம் சொல்லாமல், கேட்ட மாத்திரத்தில் ஆரம்பித்துவிடுவார்கள்.

என் கணவருடைய அண்ணாவின் மனைவி, என் மன்னி, ஸ்ரீவராகத்துப் பெண். அவள் பாட உட்கார்ந்தால் அந்த வீட்டுக்காரி எழுந்து போய் ஃபேனை நிறுத்துவாள். அடுப்பில் குக்கர் இருந்தால் அதையும் அணைப்பாள். ஃபேனை நிறுத்துவது எங்கள் தெருவில் பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். வேறு யாருக்கும் அது நடந்து நான் பார்த்ததில்லை. ஐப்பசிப் புழுக்கமானாலும் சரி, இருபது பெண்கள் வியர்த்து வழிய உட்கார்ந்து கேட்பார்கள். மன்னிக்குத் திறந்த தொண்டை. மைக் தேவையில்லை. மேல் ஸ்தாயியில் போய் நின்றால் பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போடுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

எனக்கு ஒரே ஒரு பாட்டுத் தெரியும். சின்ன வயதில் திருநெல்வேலியில் பாட்டு டீச்சர் என்னைக் கைவிடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்த பிள்ளையார் பாட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லா நவராத்திரிக்கும் எல்லா வீட்டிலும் அதையேதான் பாடினேன். நான் பாடும்போது ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒருதரம் ஒரு மாமி எழுந்து போய் அதன் வேகத்தைக் கூட்டி வைத்தாள். புழுக்கத்துக்காகத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

ஆனால் எனக்குக் காது உண்டு. தொண்டையில் வைக்க மறந்ததைக் கடவுள் காதில் வைத்திருந்தார். அந்தக் காது யாரும் எதிர்பாராத திசையில் போய்விட்டது, அவ்வளவுதான்.

கோவளத்தில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். விருந்தினர்கள் அறையில் மறந்துவிட்டுப் போகிற சாமான்களுக்கு அங்கே ஓர் அலமாரி இருந்தது. தேடிக்கொண்டு யாரும் வராவிட்டால் சில மாதம் கழித்து ஊழியர்களே எடுத்துக்கொள்ளலாம். செருப்பு, தொப்பி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, நீச்சல் உடை எல்லாம் இருக்கும். நீச்சல் உடைக்கு எங்கள் பிரிவில் போட்டி இருந்ததில்லை. ஒரு தடவை ஒரு பெட்டி நிறைய கேசட் வந்தது. சினிமாப் பாட்டு இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தனையும் ஜாஸ்.

முதலில் கேட்டபோது சமையலறையில் பாத்திர அடுக்கு சரிந்த மாதிரி இருந்தது. மூன்றாவது நாள், சரிகிற பாத்திரத்திலும் ஏதோ ஒரு கணக்கு இருப்பதாகப் பட்டது. நான் கணக்குக்காரி, விடுவேனா? ஒருவன் ஊதிக்கொண்டே வழிதவறிப் போவான், திரும்ப வரவே மாட்டான் என்று நினைக்கிறபோது எங்கிருந்தோ வந்து வாசலில் நிற்பான். தப்பு செய்தாலும் நிறுத்த மாட்டான். அந்தத் தப்பையே இன்னும் இரண்டு தடவை செய்து அதைச் சரியாக்கிவிடுவான். திருநெல்வேலி டீச்சர் இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

பெட்டியின் அடியில் பேர் அழிந்துபோன கேசட் ஒன்று கிடந்தது. அதில் ஓர் ஆள் கிட்டாரை வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி, அடக்கி அடக்கிப் பாடினான். குரலில் ஓர் அசைவில்லை, அலட்டலில்லை. என்ன பாஷை என்றே முதலில் தெரியவில்லை. ஒரு வரியில் 'ஜனேலா' என்று தெளிவாகக் கேட்டது. நம் வீட்டு ஜன்னல்! மேசையும் சாவியும் அப்படியே பின்னால் வந்தன. போர்த்துகீசியம், பிரேசில் நாட்டுப் பாட்டு என்று ஹோட்டலில் ஒரு விருந்தினர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் பிரேசிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மரச்சீனிக் கிழங்கும் முந்திரியும் அங்கிருந்து இங்கே வந்ததாம். தென்னை இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனதாம். சீர் கொடுத்துச் சீர் வாங்கிய சம்பந்திகள் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஊர்க் கடற்கரைப் படங்களைப் பார்த்தால், சப்பாத்தியைத் திருப்பிப் போட்டதுபோல எங்கள் கோவளம்தான். அங்கே கடல் கிழக்கே, இங்கே மேற்கே. மற்றபடி அதே தென்னை, அதே பாறை, அதே வியர்வை.

மன்னிக்கு இதெல்லாம் எட்டிக்காய். ஜாஸைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒரே சமயத்துல தனி வாசிக்கறா. யாருக்கும் பொறுமையில்லை" என்றாள். பிரேசில்காரனைக் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் குடும்பத்தில் நிலைத்துவிட்டது.

"காய்ச்சக்காரன் படுக்கையிலேர்ந்து வெந்நி கேக்கறா மாதிரி இருக்காக்கும். பாவம், யாராவது கொண்டு குடுங்கோடீ."

அதன்பின் நான் அந்தப் பாட்டைப் போடும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர், "வெந்நி ரெடியா?" என்பார்கள். என் கணவர் ஒரு தடவை நிஜமாகவே டம்ளரில் கொண்டுவந்து டேப்ரெக்கார்டர் முன்னால் வைத்தார்.

போன வருஷம் விஷு கழிந்து மன்னியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டி கெட்டதில்லை, அந்த மட்டில் பிழைத்தோம். ஆனால் அது குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். எவ்வளவோ ஜாக்கிரதையாக எடுத்தும் நரம்புக்குக் கொஞ்சம் அடி பட்டுவிட்டது. பேச்சு மெல்ல மெல்ல வந்துவிடும், மேல் குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவரே வருத்தப்பட்டார். யார் மேலும் பிசகில்லை, கட்டி இருந்த இடம் அப்படி.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மன்னி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்றோடு காற்றாக ஒரு சத்தம்.

"வெந்நி."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அது ஞாபகம் வந்தது. மன்னியின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் சிரித்தாள். பிறகு அதே தோள் அதே மாதிரி குலுங்கிக்கொண்டிருக்கக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நான் ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீரை ஊற்றினேன். பாதி கட்டிலில் சிந்தியது.

வீட்டுக்கு வந்த பிறகு மன்னி பேசினாள், சமைத்தாள், வேலைக்காரியோடு சண்டைகூடப் போட்டாள். எல்லாம் தாழ்ந்த, கரகரத்த குரலில். பாடவில்லை. விளக்கேற்றும்போதுகூட உதட்டை மூடிக்கொண்டே ஏற்றினாள். மன்னியின் கணவரான அண்ணா ஒருநாள் ஆறுதலாக இருக்கட்டும் என்று சுருதிப் பெட்டியைப் போட்டு வைத்தார். அவள் வந்து அணைத்து, துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். மனுஷர் என்னிடம் வந்து, "வீடு வீடாவே இல்லை கேட்டோ" என்றார்.

திருவல்லம் பக்கத்தில் குரலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஓர் அம்மாள் இருந்தாள். வாரம் ஒருநாள் போக வேண்டும். அண்ணாவுக்குக் கண்ணில் புரை. வண்டி ஓட்டுவது நான். முதல் வாரம் பயிற்சி முடிந்து வந்த மன்னி, சின்னக் குழந்தை மாதிரி 'ஊ' என்றும் 'ஈ' என்றும் சொல்ல வைத்த அவமானத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் வீட்டுப் பக்கம் திருப்பாமல் தெற்கே விட்டேன்.

"எங்கே?"

"ஆழிமலை சிவனைப் பார்த்துட்டு வரலாம் மன்னி."

சிவன் பேரைச் சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்? சிவனைப் பார்த்தோம். பிறகு கடலைப் பார்த்தாற்போல் வண்டியை நிறுத்திவிட்டு, நான் பிரேசில் பாட்டைப் போட்டேன். வண்டி என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. அவளால் சத்தம் போட்டுத் தடுக்கவும் முடியாது. சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டேன்.

மழைக்காலத்துக் கடல். கரையோரம் கலங்கின காப்பி நிறம், அதற்கப்பால் ஈயம். வடக்கே விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்கள் மழையில் வரிசையாக நின்றன. ஒரு கப்பல், பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டு, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தது. "அவ்வளவு பெரிசுல ஒரு ஆளைக் காணுமே" என்றாள் மன்னி. கீழே பாறையில் அலை ஏறி, வெள்ளையாக வழிந்து இறங்கியது. கண்ணாடியில் மழை. உள்ளே அந்த ஆள் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தான்.

நான் அந்தப் பாட்டை எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறேன். கடலை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டது அன்றுதான். ஹோட்டலில் இருந்தபோது கடல் கணக்குப் பிரிவின் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிரேசில்காரர்கள் ஏன் இவ்வளவு தாழ்த்திப் பாடுகிறார்கள் என்று அன்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. கடலோடு போட்டி போட்டு யார் ஜெயிக்க முடியும்? கத்தினாலும் அது விழுங்கிவிடும். அதனால் பக்கத்தில் இருக்கிறவள் காதுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று பாடுகிறார்கள். சோகப் பாட்டுத்தான், ஆனால் அழுகை இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மன்னியைப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள்.

அடுத்த வாரம் தூங்கவில்லை. அதற்கடுத்த வாரம் அவளுடைய வலதுகை மடியில் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு புருவம் சுருங்கியது.

"இவனுக்குத் தாளம் நிக்கலை."

"நிக்கறது மன்னி. கிட்டார்ல கட்டைவிரலை மட்டும் கேளுங்கோ."

திரும்பப் போடச் சொன்னாள். கேட்டாள். "கட்டைவிரல் ஒழுங்காத்தான் தாளம் போடறது. மத்த விரலெல்லாம் குறும்பு பண்றது. பாடறவன் தாளத்துக்குப் பிடிகுடுக்காம ஓடறான். கள்ளன்!"

அந்தக் 'கள்ளன்' என்ற சொல்லில் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகப் பழைய மன்னி எட்டிப் பார்த்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"பாருங்கோ, இதுக்கு மேல் ஸ்தாயியே வேண்டாம். திறந்த தொண்டையும் வேண்டாம். இப்ப உங்களுக்கு இருக்கற குரலுக்கு..."

மன்னி கையை மடக்கிக்கொண்டாள்.

"நன்னா இருந்தப்போ எனக்கு வேண்டாம்னு நான் சிரிச்ச பாட்டு. இப்போ தொண்டை போனதும் இது உனக்குப் போறும்னு சொல்றாயாக்கும். கால் ஒடிஞ்சவளுக்கு, உக்காந்துண்டே ஆடற டான்ஸ் இருக்குன்னு காட்டித்தறயா?"

கரகரத்த குரலில் அவ்வளவும் சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம் இருந்ததால் வந்த கோபம், அதனால் இரண்டு மடங்கு. வண்டியை வலியசாலைக்குத் திருப்பினேன். அம்பலத்தறையில் ஓர் ஆட்டோக்காரனை அநியாயமாகத் திட்டினேன்.

அடுத்த வாரம் இனி கடலும் இல்லை, பாட்டும் இல்லை என்றுதான் இருந்தேன். பயிற்சி முடிந்து வந்து மன்னி கதவைச் சாத்தினாள். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தக் கள்ளனைப் போடு. அவனோட எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு."

பாடுவதற்காக இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தாளம் பிடிபடாமல் ஒருவன் ஊரில் திரிவதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனி, ஆடி, ஆவணி என்று மழை முழுக்க அந்தக் கணக்கு நடந்தது. கடலைப் பற்றியது என்று அந்த ஹோட்டல் விருந்தினர் சொல்லியிருந்த ஒரு சின்னப் பாட்டுத்தான் அவளை ரொம்பவும் படுத்தியது. நாலே வரி. ஒவ்வொரு வரியும் எங்கேயோ ஆரம்பித்தது.

ஓணம் கழிந்து கடல் அடங்கியது. ஒருநாள் ஆழிமலையைத் தாண்டிச் சொவ்வரைக் கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் தூரத்தில் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையிலிருந்து இழுக்கிறார்கள். ஒருத்தர் ஓசை கொடுக்கிறார், மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள், கயிறு ஒரு முழம் வருகிறது. மன்னி மீன் வாசனைக்கு மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு வண்டியிலேயே இருப்பாள் என்று நினைத்தேன். இறங்கிவிட்டாள். மூக்கை மூடிய இடதுகை அப்படியே இருக்க, வலதுகை தொடையில் தாளம் போட்டது. வெயில் சாய்ந்து ஈர மணல் பித்தளைத் தாம்பாளம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அந்த ஆட்களின் நிழல் நீளமாக எங்கள் காலடிவரை வந்து வந்து போயிற்று. சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"பாத்தயா? சத்தம் முன்னாலே போறது, இழுப்பு பின்னாலே வரது. அதீத எடுப்பு!"

தாளம் விழுவதற்கு முன்னாலேயே பாட்டுக் கிளம்பிவிடுவதற்கு அந்தப் பேர். எனக்கும் புத்தகப் படிப்பாகத் தெரியும்.

"உன் பிரேசில்காரன் இதைத்தான் பண்றான். தாளம் வரட்டும்னு காத்துண்டு நிக்கலை. முன்னாலேயே எடுத்துடறான், தாளம் வந்து பிடிச்சுக்கறது. நான் வெறுதே அவனைக் கள்ளன்னுட்டேன். அவா ஊர்லயும் இப்படி வலை இழுப்பாளா?"

"கடல் இருந்தா இழுக்காம இருப்பாளா மன்னி?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் பாடம் கற்றிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

நவராத்திரி வந்தது.

முதல் நாள் மன்னி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் கொஞ்சம் வெந்நீர் குடித்தாள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையே இருக்கவில்லை. முதல் வீட்டில் என்னைப் பாடச் சொன்னார்கள். இன்னொருத்தியைச் சொன்னார்கள். மன்னியிடம் வந்ததும் வீட்டுக்காரி அவசர அவசரமாகக் குங்குமத்தை நீட்டி, வெற்றிலைபாக்கையும் சுண்டல் பொட்டலத்தையும் கையில் வைத்து, "உங்களுக்கு வேண்டாம், சிரமப்படாதேங்கோ" என்றாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. எல்லோரும் நல்லவர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஃபேன் எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது மன்னி சொன்னாள்: "பந்தியில உக்கார வச்சு இலை போடாம விட்டா மாதிரி இருக்கு. நாளைக்கு நான் வரலை. நீ போயிட்டு வா."

அவள் தெருவிலிருந்தே மெல்ல மெல்ல விலகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நவராத்திரி போனால் அடுத்தது கல்யாணத்து ஊஞ்சல் பாட்டு போகும். அதற்கப்புறம் கோவில். மன்னி அறுபது வயதில் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் போன வீடுகளிலெல்லாம், "மன்னி வரல்லையா? பாவம்" என்றார்கள். அந்தப் 'பாவம்' என் காதில் பழுக்கக் காய்ச்சின கம்பி மாதிரி விழுந்தது. முப்பது வருஷமாகத் தெருவே எழுந்து ஃபேனை நிறுத்திய ஒருத்தியைப் பாவம் என்கிறார்கள்!

மூன்றாம் நாள் சாயங்காலம் மன்னி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நான் வரலைன்னு சொன்னேனே."

"வெத்தலைபாக்கு வாங்கத் தொண்டை எதுக்கு மன்னி? நீங்க வரலைன்னா நான் இங்கேயே வாசல்ல நின்னு பாடுவேன்."

அவளுக்கு என் குரல் தெரியும். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கோடி வீட்டு மாமியின் கொலுதான் தெருவிலேயே பெரியது. அந்த வருஷம் படிகளுக்குக் கீழே ஒரு விழிஞ்ஞம் துறைமுகமே செய்து வைத்திருந்தாள். மணல் கொட்டி, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பொம்மைக் கிரேன் நிறுத்தி, தீப்பெட்டிக்குப் பல நிறத்தில் காகிதம் ஒட்டி அடுக்கிய ஒரு கப்பல். கரையில் மரப்பாச்சி ஜோடி கடலைப் பார்த்து நின்றது. கூடம் நிறையப் பெண்கள். மாமி வழக்கம்போல என்னைக் கேட்டாள். மன்னியிடம் சுண்டல் பொட்டலத்தை நீட்டி, தோளைத் தட்டினாள். அந்தத் தட்டலைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"மாமி, இந்தக் கொலுவுக்குப் பிள்ளையார் பாட்டு சரிவராது. கடல் பாட்டுத்தான் பாடணும்" என்றேன்.

எல்லோரும் சந்தோஷமாக நிமிர்ந்தார்கள். என் பிள்ளையார் அவர்களை அவ்வளவு படுத்தியிருந்தார். நான் அந்த நாலு வரியை எடுத்தேன். வார்த்தை தெரியாது, காதில் விழுந்த சத்தம்தான். தாளம் போட்டுக்கொண்டு, பயத்தில், முதல் தட்டு விழுந்த இடத்திலேயே டக்கென்று ஆரம்பித்தேன். பக்கத்தில் மன்னியின் உடம்பு விறைப்பதை உணர்ந்தேன். இரண்டாவது வரியையும் அதே மாதிரி, மணியடித்ததும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிற பிள்ளை மாதிரி, தட்டிலேயே கொண்டு வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்யுமளவுக்கு எனக்குத் திறமை போதாது.

மன்னி என் தொடையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"அங்கே இல்லைடீ! முன்னாலே எடுக்கணும்."

அடித்த கையாலேயே தாளத்தைத் தொடர்ந்தாள். தட்டு விழுவதற்கு அரை இடம் முன்னால் அவள் வாய் திறந்தது. கரகரத்த, தாழ்ந்த, பாதி காற்றான குரல். முதல் வரியில் பழைய வழக்கப்படி மேலே போகப் பார்த்தது, உடைந்தது. கூடத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். மன்னி நிற்கவில்லை. இறங்கி வந்து, கீழேயே உட்கார்ந்து, பேசுகிற மாதிரி அடுத்த வரியைச் சொன்னாள். தாளம் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. நான் பாடுவதை நிறுத்திவிட்டுக் கையால் மட்டும் தட்டினேன். நாலு வரியும் முடிந்து மறுபடி முதல் வரிக்கு வந்தாள். உடைந்த இடத்தில் இந்தத் தடவை தெரிந்தே மெதுவாக உடைத்தாள். அது முன்னைவிட நன்றாக இருந்தது. ஜாஸ்காரர்கள் செய்வது அதுதான், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. தாம்பாளத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மன்னி பாடி முடித்தாள். பிறகு கோடி வீட்டு மாமி கேட்டாள்:

"இது கொங்கணியா? எந்த சாமி மேலயாக்கும்?"

மன்னி ஒரு கணம் யோசித்தாள். "வருண பகவான் மேலன்னு வச்சுக்கோங்கோ மாமி."

"அதான் பாத்தேன்" என்றாள் மாமி. இன்னொருத்தி அதை ஏதோ ஒரு ராகத்துக்குள் அடைக்கப் பார்த்தாள். அது அடங்கவில்லை. மன்னி அவளோடு வாதாட ஆரம்பித்துவிட்டாள், கரகரத்த குரலில், கையை நீட்டி நீட்டி. சுண்டல் பொட்டலத்தை இந்தத் தடவை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் செய்தி நம்மைவிட வேகமாக நடக்கும், அதுவும் கையில் ஃபோன் வந்த பிறகு. அடுத்த வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரி மன்னியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கொலுவுக்கு நேராகப் போட்டிருந்த பாயில் உட்கார வைத்தாள். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. சுவரோரம் இடம் தேடி உட்கார்ந்தேன்.

"மன்னி, நீங்க ஒரு பாட்டு பாடணும்" என்றாள்.

மன்னி தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயோ, தொண்டை சரியில்லையே."

"சாரமில்லை, ரெண்டு வரி போறும்."

"இல்லைடீ, நிஜமாவே தொண்டை சரியில்லை."

முப்பது வருஷமாக அவள் சொல்லிவந்த பொய், இப்போது நிஜம். ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.